சிங்கப்பூர் ஒர்க் பர்மிட்: சம்பளம், ஓ.டி., காயம், எம்.சி. பற்றிய கேள்விகள் எல்லாம் இங்கே

சம்பளச்சீட்டு:
கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் ஆலை (எண்ணெய், ரசாயனம் போன்றவை) ஆகியவற்றுக்கு ஒர்க் பர்மிட்டில் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. பாதிப் பதில்கள் பழைய விதிகளின்படி இருக்கின்றன. அதனால் இந்த இழை. சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன்.

விமானம் ஏறுவதற்கு முன்பே ஐ.பி.ஏ. கடிதம் (பர்மிட்டுக்கான முன் ஒப்புதல்) ஊழியருக்குப் புரியும் மொழியில் அவர் கையில் இருக்க வேண்டும். அனுப்புவது முதலாளியின் பொறுப்பு. மாத பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, நிலையான அலவன்ஸ் எவ்வளவு, நிலையான பிடித்தம் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பேசிக்கை வைத்துத்தான் நடக்கும். ஐ.பி.ஏ.வில் போட்டதைவிடக் குறைத்துக் கொடுக்க வேண்டுமானால், ஊழியர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முதலாளி எம்.ஓ.எம்.முக்கும் (மனிதவள அமைச்சு) தெரிவிக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் குறைத்தால் அது மீறல்.

பேசிக் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாத உடலுழைப்பு ஊழியர்களுக்கு, வேலை நேரம், ஓ.டி. (கூடுதல் நேர வேலை), ஓய்வுநாள் பற்றிய சட்டப் பகுதி முழுமையாகப் பொருந்தும். வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் செய்வதெல்லாம் ஓ.டி., மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு. மணிக்கூலி காண, மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, வரும் தொகையை 2,288-ஆல் (52 வாரம் × 44 மணி) வகுக்க வேண்டும். பேசிக் 800 என்றால் மணிக்கு 4.20 வெள்ளி, ஓ.டி. மணிக்கு 6.29.

ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேரம், மாதத்துக்கு 72 மணி நேர ஓ.டி. என்பது வரம்பு. வரம்பைத் தாண்டி வேலை வாங்கியிருந்தால் அதற்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும். "72-க்கு மேல் சட்டப்படி கிடையாது, அதனால் தர முடியாது" என்று சில ஆபீஸ்களில் சொல்வார்கள். அப்படி ஒரு விதி இல்லை.

புதுப்பர்மிட்:
வணக்கம் அண்ணே. ஐ.பி.ஏ.வில் பேசிக் 800 என்று இருக்கிறது. ஏஜென்ட் கொடுத்த தனித் தாளில் "நாள் கூலி 32 வெள்ளி, காலை 8 முதல் இரவு 7 வரை, திங்கள் முதல் சனி" என்று போட்டிருக்கிறார்கள். மாதத்துக்கு 26 நாள் என்றால் 832 வருகிறது. 800-ஐவிடக் கூடத்தானே? கையெழுத்துப் போடலாமா?

சம்பளச்சீட்டு:
தம்பி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

காலை 8 முதல் இரவு 7 வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாடு போக 10 மணி நேர வேலை. ஆறு நாளைக்கு 60 மணி. அதில் 44 சாதாரண நேரம், 16 ஓ.டி. பேசிக் 800-க்கு ஒரு வாரப் பங்கு 184.62 வெள்ளி. 16 மணி ஓ.டி.க்கு 100.70. மொத்தம் 285.32. நாள்கூலிக் கணக்கில் 32 × 6 = 192. வாரத்துக்கு 93.32 வெள்ளி குறைகிறது. 800-ஐவிடக் கூடுதலாகத் தெரிகிற அந்த 832-க்குள் 16 மணி நேர ஓ.டி.யையும் அடக்கிவிட்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் செய்ததை மட்டும் ஓ.டி. என்று போட்டு, சனிக்கிழமையையும் 8 மணி நேரச் சாதாரண நாளாக எழுதுவார்கள். 8 × 6 = 48 ஆகிவிடுகிறது. வாரத்துக்கு 4 மணி நேரம் ஓ.டி.யிலிருந்து மறைந்துவிடும். நாலு வாரத்தில் 16 மணி, அதாவது மாதம் சுமார் 100 வெள்ளி. சீட்டில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும், கூட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஓய்வுநாள் கணக்கு தனி. முதலாளி கேட்டு ஓய்வுநாளில் வேலை செய்தால், அரை நாள் வரைக்கும் ஒரு நாள் சம்பளம். அரை நாளைத் தாண்டினால் இரண்டு நாள் சம்பளம். வழக்கமான நேரத்தையும் தாண்டினால் இரண்டு நாள் சம்பளத்தோடு ஓ.டி.யும் சேரும். 800 பேசிக்குக்கு ஒரு நாள் என்பது 30.77 (800 × 12 ÷ 312). ஞாயிறு 10 மணி நேரம் செய்தால் 61.54 + இரண்டு மணி ஓ.டி. 12.59 = 74.13 வெள்ளி. ஊழியரே கேட்டு வேலை செய்தால் நாள் சம்பளக் கணக்கு இதில் பாதிதான், ஓ.டி. மட்டும் மாறாது. அதனால் சிலர் "நானே விரும்பி வேலை கேட்கிறேன்" என்று அச்சடித்த தாளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் போடாதீர்கள்.

பொங்கோல்_கணக்கு:
அலவன்ஸ் விஷயத்தையும் சேர்க்கிறேன். ஐ.பி.ஏ.வில் பேசிக் 800. மாதச் சீட்டில் பார்த்தால் பேசிக் 500, "அலவன்ஸ்" 300. கூட்டினால் 800 சரியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஓ.டி. பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும். 500-க்கு ஓ.டி. மணிக்கு 3.93 தான். மாதம் 64 மணி ஓ.டி. செய்கிறவருக்கு 402.80 வர வேண்டிய இடத்தில் 251.75 வரும். இரண்டு வருடப் பர்மிட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சம்பளத்தோடு சேர்த்து, முடியாவிட்டால் 3 வேலைநாளுக்குள் தர வேண்டும். பேசிக், அலவன்ஸ், பிடித்தம், ஓ.டி. மணி, ஓ.டி. தொகை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். சம்பளம் அந்தச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள், ஓ.டி. 14 நாளுக்குள். "கிளையன்ட் இன்னும் காசு போடவில்லை" என்பது சட்டத்தில் காரணமாக ஏற்கப்படாது.

ஜூரோங்_ஃபிட்டர்:
பிடித்தம் பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். டோர்ம் (ஊழியர் விடுதி) வாடகை, சாப்பாடு, லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை), ட்ரெய்னிங், இன்சூரன்ஸ் என்று வரிசையாகப் போடுகிறார்கள். இதில் எது செல்லும்?

உட்லண்ட்ஸ்_தொண்டர்:
லெவி, பர்மிட் எடுக்கவும் புதுப்பிக்கவும் ஆகும் செலவு, செக்யூரிட்டி பாண்ட் (அரசுக்குத் தரும் பிணை, ஒருவருக்கு 5,000 வெள்ளி, மலேசியர் தவிர), மருத்துவக் காப்புறுதி, கட்டாயப் பயிற்சி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகிய எல்லாம் முதலாளியின் கணக்கு. ஒரு வெள்ளிகூட ஊழியரிடம் வாங்கக் கூடாது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றுக்குப் பிடிக்கலாம், ஆனால் ஐ.பி.ஏ.வில் நிலையான பிடித்தமாகக் காட்டியிருக்க வேண்டும். சட்டத்தில் உச்சவரம்பு, அந்தச் சம்பளக் காலத்துச் சம்பளத்தில் 25 விழுக்காடு. சாமான் சேதமானால், விசாரித்து, ஊழியரின் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதற்கும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு எல்லை. வேலைக்கு வராத நாள், கடன் போன்ற சிலவற்றைத் தவிர்த்து மற்றதெல்லாம் சேர்த்து 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

மத்திய சேம நிதி என்று யாராவது பிடித்தால் உடனே கேளுங்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் உரியது. ஒர்க் பர்மிட்காரருக்குக் கணக்கே கிடையாது, பிடித்த காசு போகிற இடமும் கிடையாது. "சேமிப்பு, ஊருக்குப் போகும்போது தருகிறோம்" என்று மாதம் 50, 100 பிடித்து வைப்பதும் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது பர்மிட் புதுப்பிக்க வாங்கும் காசு. வேலை கொடுப்பதற்கோ தொடர்வதற்கோ முதலாளி ஊழியரிடம் பணம் வாங்கினால் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தக் காசை ஆபீஸ் நேரடியாகக் கேட்பது அபூர்வம். சூப்பர்வைசரோ கூட வேலை பார்க்கிற மூத்தவரோ கைமாற்றாக வாங்குவார். சம்பளம் வங்கியில் முழுசாக விழும், அடுத்த நாள் ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். எடுத்த தேதி, தொகை, யாரிடம் கொடுத்தது என்பதைக் குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கில் எடுத்த வரியும் உங்கள் குறிப்பும் ஒத்துப்போனால் அது நல்ல சாட்சி. வங்கி அட்டையையும் பின் நம்பரையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பதும் குற்றமே.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஊரில் இருக்கிற ஏஜென்ட் வாங்கும் லட்சங்களுக்கு இந்த வரம்பு எட்டாது. அதனால்தான் கடன் சுமையோடு வருகிறவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்தக் காசு வாங்கும் வேலையே நடக்கிறது.

தளப்பாதுகாப்பு:
காயம் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் நூறு இருநூறு போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். விரல் போய், அதற்குரிய காசும் போனால் என்ன செய்வது?

சட்டம் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், எல்லாரும் விக்கா என்று சொல்வது. இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. யார் மேல் தவறு என்ற கேள்வியே இதில் எழாது. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. சம்பளம், வயது, எந்த நாட்டுக்காரர் என்ற பேதம் இல்லை. உடலுழைப்பு ஊழியர் எல்லாருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

மூன்று வகைப் பணம் வரும்.

முதலாவது எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) சம்பளம். அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், வெளிநோயாளி எம்.சி. 14 நாள் வரையும் மருத்துவமனை விடுப்பு 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு அடிப்படை, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானம். ஓ.டி.யும் அதில் சேரும். "எம்.சி.யில் பேசிக் மட்டும்தான்" என்று கொடுத்தால் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று பொருள். விபத்துக்காக லைட் டியூட்டி (இலகுவான வேலை) போட்டாலும் சராசரி வருமானக் கணக்குதான்.

இரண்டாவது மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அதற்கு முந்தைய விபத்துகளுக்கு 45,000. இந்த எல்லை தாண்டினாலும், பர்மிட் நிபந்தனைப்படி ஊழியரின் மருத்துவப் பராமரிப்பு முதலாளியின் பொறுப்பாகவே தொடரும்.

மூன்றாவது நிரந்தரப் பாதிப்புக்கான தொகை. காயம் ஒரு நிலைக்கு வந்தபின் மருத்துவர் விழுக்காடு போடுவார். அதை வயது, சராசரி வருமானம் இரண்டோடும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். முழு ஊனத்துக்குக் குறைந்தபட்சம் 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி (அதே நவம்பர் 1 முதல்). பகுதி ஊனத்துக்கு இந்த எல்லைகளையும் விழுக்காட்டால் பெருக்க வேண்டும். 10 விழுக்காடு என்று வந்தால் 11,600 வெள்ளிக்குக் கீழே போகாது. இறப்புக்கு 91,000 முதல் 269,000 வரை, குடும்பத்துக்கு.

எங்கே தவறிப் போகிறது என்றால், முதல் 24 மணி நேரத்தில். அடிபட்டவுடன் கம்பெனி லாரியில் ஏற்றி ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோவார்கள். கூட வந்தவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசுவார். "டோர்மில் வழுக்கி விழுந்தான்" என்று அவர் சொன்னது மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், பிறகு வருடம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும். டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: "ஒர்க் ஆக்சிடென்ட்", எந்த சைட், எத்தனை மணி, என்ன மெஷின். அரைகுறை ஆங்கிலம் போதும். நின்ற இடம், ஏணி, கம்பி, மெஷின், ரத்தம் பட்ட கையுறை எல்லாவற்றையும் கூட இருப்பவர் படம் எடுக்கட்டும். பார்த்தவர்களின் பெயரும் போன் எண்ணும் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். பர்மிட் மாறி ஊருக்குப் போய்விட்டால் அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

விபத்தால் ஒரு நாள் எம்.சி. அல்லது லைட் டியூட்டி கொடுத்தாலே முதலாளி எம்.ஓ.எம்.முக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கெடு 10 நாள். முன்பு "மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான்" என்ற விதி இருந்தது. பலர் இன்னும் அதையே சொல்லி, இரண்டு நாள் எம்.சி. போதும் என்று டாக்டரை வற்புறுத்துகிறார்கள். கம்பெனி அறிக்கை அனுப்பாவிட்டால் ஊழியரே எம்.ஓ.எம்.முக்குச் சொல்லலாம். இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்.

ஜூரோங்_ஃபிட்டர்:
லாயர் வைத்துக் கேஸ் போட்டால் விக்காவைவிட நிறைய வரும் என்கிறார்களே? லிட்டில் இந்தியாவில் கார்டு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

தளப்பாதுகாப்பு:
வழி இருக்கிறது, ஆனால் இரண்டில் ஒன்றுதான். விக்காவும் வாங்கி, அதே காயத்துக்குச் சிவில் வழக்கும் நடத்த முடியாது. சிவில் வழக்கில் முதலாளியின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் பக்கமும் தவறு இருந்தால் தொகையைக் குறைப்பார்கள். தோற்றால் ஒன்றும் கிடைக்காது, செலவு தலையில் விழும். விக்காவுக்கு வழக்கறிஞர் தேவையே இல்லை.

உட்லண்ட்ஸ்_தொண்டர்:
இதில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை, அண்ணே. இளவயதுக்காரருக்குக் கடுமையான காயம், சாரம் முறையாகக் கட்டவில்லை என்பதற்குப் படம், சாட்சி எல்லாம் இருக்கிறது என்றால் சிவில் வழக்கில் வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு எல்லாம் சேரும். விக்காவின் உச்சவரம்பு அங்கே இல்லை. வழக்குப் போட மூன்று வருடக் காலம் இருக்கிறது. கார்டு கொடுக்கும் இடைத்தரகர் மூலம் போகக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தொண்டு அமைப்பு வழியாக ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். விக்கா விழுக்காடு வருவதற்கு முன், கோரிக்கையைத் திரும்பப் பெறும் தாள் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

தளப்பாதுகாப்பு:
கடும் காயம், சாட்சி உறுதி என்ற இடத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். விரல் நுனி, கணுக்கால் எலும்பு முறிவு போன்ற சாதாரணக் காயங்களுக்கு விக்காதான் சரி. விழுக்காடு போடுவதற்கு முன் ஊருக்குக் கிளம்ப வேண்டாம். போய்விட்டால் பரிசோதனைக்குத் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு. மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் அதில் போட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தாண்டினால் அந்தத் தொகையே உறுதி ஆகிவிடும்.

நர்ஸ்_அக்கா:
வேலையில் அடிபடாத சாதாரண நோய்க்கு என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டோர்மில் தங்குகிறவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைக்காரர்களுக்கும் 2022 ஏப்ரல் 1 முதல் பி.சி.பி. என்ற அடிப்படை மருத்துவத் திட்டம் உண்டு. கட்டணம் முதலாளி கட்டுவது. அதற்குரிய மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் தரவேண்டியது ஒரு முறைக்கு 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி. காய்ச்சலை, சர்க்கரையை, நெஞ்செரிச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டிய நிலை இதனால் இல்லை. தயவுசெய்து போங்கள்.

மருத்துவமனைப் படுக்கைக்கும் பகல்நேர அறுவைக்கும் தனிக் காப்புறுதி. 2023 ஜூலை 1-இலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதற்கு முன் 15,000. முதல் 15,000-ஐத் தாண்டிய பகுதியில் 75 விழுக்காடு காப்புறுதி நிறுவனம், 25 விழுக்காடு முதலாளி. அந்த 25-ஐ ஊழியர் தலையில் கட்ட முடியாது. ஊழியர் ஒரு பங்கு தரலாம் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி அவர் சம்மதித்திருந்தால் மட்டும், மாதச் சம்பளத்தில் 10 விழுக்காடு வரை, ஆறு மாதத்துக்கு மேல் போகாமல் வாங்கலாம்.

நோய் விடுப்பு: மூன்று மாத சர்வீஸ் முடிந்தால் 5 நாள், ஆறு மாதம் முடிந்தால் 14 நாள். மருத்துவமனையில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு, இந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் எம்.சி. படம் அனுப்பினால் பதிவும் இருக்கும். பதிவுபெற்ற எந்த மருத்துவர் தந்த எம்.சி.யும் விடுப்புக்குச் செல்லும், கம்பெனி டாக்டர்தான் தர வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019 ஏப்ரலோடு போய்விட்டது.

புதுப்பர்மிட்:
நன்றி அக்கா. பென்ஷன், வேலை போனால் உதவித்தொகை மாதிரி ஏதாவது?

நர்ஸ்_அக்கா:
ஒர்க் பர்மிட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது, தம்பி. ஓய்வூதியம் இல்லை, மருத்துவ மானியமும் இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால் ஒருவர் இறந்துபோனால் விக்கா தொகை வராது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி ஏற்க வேண்டும், அவ்வளவே. வீட்டில் நம்பி இருப்பவர்கள் இருந்தால், ஊரில் ஒரு ஆயுள் காப்புறுதி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொங்கோல்_கணக்கு:
வருட விடுப்பு முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்று கூடி 14 வரை போகும். சம்பளத்தோடு 11 பொது விடுமுறை. வீட்டுப் பணிப்பெண்களுக்கு இந்த வேலைச் சட்டமும் விக்காவும் பொருந்தாது, அவர்களுக்குத் தனி விதிகள். அதற்கு வேறு இழை தொடங்கலாம்.

ஜூரோங்_ஃபிட்டர்:
சம்பளப் பாக்கிக்கு எங்கே போவது, எந்த வரிசையில் போவது என்று ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

உட்லண்ட்ஸ்_தொண்டர்:
முதல் படி டி.ஏ.டி.எம். (வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு). 2017 ஏப்ரல் முதல் சம்பளக் கோரிக்கைகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வைத்து இணையத்திலேயே பதியலாம், பர்மிட்காரர்களுக்கும் சிங்பாஸ் கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது கெடு. வேலையில் இருந்துகொண்டே கேட்டால், சம்பளம் கொடுத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடம். வேலையை விட்டுவிட்டால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும், அப்போதும் கடைசி ஒரு வருடப் பாக்கிக்குத்தான். "பர்மிட் முடியட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்று இரண்டு வருடம் காத்திருந்தால் முதல் வருடத்துக் காசு சட்டப்படி போய்விடும். நியாயமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்ற கோரிக்கைக்கு ஒரு மாதம்தான்.

பதிந்ததும் சமரசப் பேச்சு நடக்கும். தமிழில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலான பேரம் நடப்பது இந்த அறையில்தான். 4,000 வெள்ளி பாக்கிக்கு 1,500 தருகிறேன், நாளைக்கே டிக்கெட் என்பார்கள். கணக்கு மாதவாரியாக உங்கள் கையில் எழுதி இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் நிற்கும். ஒத்துவரவில்லை என்றால் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நான்கு வாரத்துக்குள் எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலில் (வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயம்) பதிய வேண்டும். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது.

கோரிக்கை நடக்கும்போது பர்மிட்டை ரத்து செய்தால் ஸ்பெஷல் பாஸ் (தற்காலிக அனுமதி) கொடுத்து இங்கே இருக்க விடுவார்கள். அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் பழைய முதலாளியின் பொறுப்பு. அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் வேலை செய்ய வேண்டாம். செலவுக்காக இரண்டு நாள் கூலிக்குப் போய்ப் பிடிபட்டால், சம்பளக் கோரிக்கை பின்னால் போய் அது முன்னால் வந்துவிடும். கோரிக்கையில் உண்மை இருந்தால் புது முதலாளி தேட எம்.ஓ.எம். அனுமதிப்பதுண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சம்பளச்சீட்டு:
ராத்திரியோடு ராத்திரியாக ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனால்?

உட்லண்ட்ஸ்_தொண்டர்:
பாக்கி இருக்கும்போது ஊருக்கு அனுப்பக் கூடாது. சாங்கியில் தானியங்கிக் கதவு வழியாகப் போகாமல், குடிநுழைவு அதிகாரி இருக்கும் கவுன்டருக்குப் போய் "சேலரி நாட் பெய்ட், எம்.ஓ.எம். கம்ப்ளெய்ன்ட்" என்று சொல்லுங்கள். அவர்கள் எம்.ஓ.எம்.முக்குத் தெரிவிப்பார்கள். கூட வந்த கம்பெனி ஆள் அந்த எல்லைக்குள் வர முடியாது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692, போனில் பதிந்து வையுங்கள். ஹோம், டி.டபிள்யூ.சி.2, ஹெல்த்சர்வ் ஆகிய தொண்டு அமைப்புகளும் உதவும்.

ஜூரோங்_ஃபிட்டர்:
பாக்கி எதுவும் இல்லை, கம்பெனி மட்டும் மாற வேண்டும் என்றால்?

பொங்கோல்_கணக்கு:
கட்டுமானத் துறையில், பர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில் புது முதலாளி விண்ணப்பித்தால் பழையவரின் சம்மதம் தேவையில்லை. அதற்கு முன்பு என்றால் சம்மதம் வேண்டும். பர்மிட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இரண்டு தேதிகளையும் குறித்து வையுங்கள். ஆள் தேடுவதை அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால்தான் அந்த இடைவெளிக்குள் விண்ணப்பம் போகும்.

புதுப்பர்மிட்:
கடைசியாக ஒன்று. தினமும் வேலை நேரத்தை எப்படிக் குறிப்பது? கம்பெனியில் டைம் கார்டு இருக்கிறதாம், அது போதாதா?

சம்பளச்சீட்டு:
டைம் கார்டு கம்பெனியிடம் இருக்கும், தேவைப்படும்போது உங்கள் கைக்கு வராது. கடைசி இரண்டு வருடப் பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காட்டும்போது அதில் தினமும் "8 முதல் 5" என்று ஒரே மாதிரி இருந்தால் எதிர்த்துச் சொல்ல உங்களிடம் ஒன்று வேண்டும்.

சின்ன நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, தொடங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடித்த நேரம், சைட் பெயர், அன்றைய சூப்பர்வைசர். தமிழிலேயே எழுதலாம். அன்றன்றைக்கு எழுதியது என்று காட்ட, இரவு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி தானாகப் பதியும், போன் தொலைந்தாலும் வீட்டில் இருக்கும். மாதச் சீட்டு வந்தவுடன் அதன் ஓ.டி. மணியையும் உங்கள் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் அந்த வாரமே ஆபீசுக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்ட செய்தியை அழிக்க வேண்டாம். வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத வவுச்சரிலும் கையெழுத்து கூடாது. கட்டாயப்படுத்தினால் கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியையும் உண்மையில் வாங்கிய தொகையையும் நீங்களே எழுதிவிட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.